தும்பக்காட்டுச் சூரிய வேலி

மைக்கைக் கையில வாங்கி நாலு வார்த்தை பேசறதுக்குள்ள கரியனுக்குப் பாதி உசுரு போயிடுச்சு. கூட்டத்தைப் பாத்து வந்த பயம் இல்ல அது. கள்ளக்குறிச்சிக் கல்யாண மண்டபத்துல உக்காந்திருந்தது இன்னா பெரிய கூட்டம், வெள்ளிமலைச் சந்தைக்கு வர்ற ஜனத்துல கால்வாசிகூட தேறாது. கோகிலவாணி மேடம் சொல்லிக்குடுத்த மாதிரியே தான் பேசிக்கினு இருந்தான். "சூரியன்லேர்ந்து வர்ற கரண்டுங்க. தொட்டா சுருக்குன்னு ஒரு அடி, அவ்ளோதாங்க. பன்னிக்கும் சாவு இல்ல, மனுசனுக்கும் பயம் இல்லீங்க." அந்த 'பயம் இல்லீங்க'ல வந்து நின்னப்போ தான் அந்தக் கேள்வி எழுந்துச்சு. காலையில பீஸைப் புடுங்கினோமா?

பேச்சு பாதியில நின்னு, மைக்கு கீய்ங்னு கத்துச்சு. ஜனம் சிரிச்சுது. மலைக்காரன் கூச்சப்படறான்னு நெனச்சிக்கினு முன்வரிசையில ஒருத்தர் கை தட்ட, எல்லாரும் தட்டினாங்க. சென்னையிலேர்ந்து வந்திருந்த சிவசங்கர் சார் எழுந்து வந்து பொன்னாடையைப் போத்தி, தோளைத் தட்டிக்குடுத்தாரு. கரியனுக்கு அந்தத் துணி மேல பட்டதே தெரியல. புடுங்கினோமா, இல்லையா?

பீஸாவது, புடுங்கறதாவது, ஒண்ணும் புரியலையேன்னு நீங்க முழிக்கறதுக்கு முன்னால விஷயத்தைச் சொல்லிடறேன். சென்னையில பிளாஸ்டிக் வாளி, குடம், சேர் செய்ற ஒரு கம்பெனி. லாபத்துல ஒரு பங்கை ஜனங்களுக்குச் செய்யணும்னு அந்தக் கம்பெனி ஒரு பவுண்டேசன் வெச்சிருக்குது. சிவசங்கர் சார் தான் அதுக்குப் பெரிய தலை. இன்னைக்கு மண்டபத்துல நடந்தது அவங்க விழா தான், அது முடிஞ்சி கரியன் ஊருக்குப் போறதா ஏற்பாடு. அந்தப் பவுண்டேசன் போன வருசம் கல்வராயன் மலையில இருக்கற தும்பக்காட்டுக்கு ஒரு சோலார் வேலி போட்டுக் குடுத்துச்சு. சாமையும் தெனையும் வெளையற காட்டைச் சுத்தி வரிசையா கம்பி, ஒரு கண்ணாடித் தகடு, ஒரு பேட்டரி. பன்னி மூக்கை வெச்சா அடி வாங்கிக்கினு ஓடும், சாவாது. ஊர் ஜனம் வேலிக்கு ஒரு குழு போட்டு, கரியனைத் தலைவராக்கிட்டாங்க. வயசுல கள்ளக்குறிச்சி போயி மோட்டாருக்குக் காயில் கட்டுற கடையில வேலை பாத்துட்டு வந்தவன். வேற ஆரை வெப்பாங்க?

ஆவணி மாசம் ஒரு இடி இடிச்சுது பாருங்க, பேட்டரியும் போச்சு, அதோட இருந்த பொட்டியும் கருகிப் போச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். ஒரு போன், ஒரே ஒரு போன். ஆனா பவுண்டேசன்லேர்ந்து கோகிலவாணி மேடம் மலைக்கு வர்றப்பல்லாம் ஒரே பாட்டு தான். "கரியண்ணா, வேலியை நல்லா வெச்சிக்கினா அடுத்தது உங்க ஊருக்குத் தண்ணி டேங்க். கெடுத்துட்டீங்கன்னா வேற ஊருக்குப் போயிடும்." தும்பக்காட்டுப் பொம்பளைங்க பள்ளத்து ஊத்துக்கு எறங்கி ஏறியே முட்டி தேஞ்சவங்க. கரியன் பொண்டாட்டி பொன்னாயி போன மழையில குடத்தோட உருண்டு, விலா எலும்பு நொறுங்காம தப்பிச்சது பெரிய விஷயம். இடி விழுந்துதான் கெட்டுச்சுன்னு சொன்னா நம்புவாங்களா? குடிச்சிப்புட்டு ஒடைச்சிட்டானுங்கன்னு தான் பேசுவாங்க. அதனால மேடம் "வேலி ஓடுதா?"ன்னு கேக்கறப்பல்லாம் "ஜோரா ஓடுதுங்க"ன்னான்.

ஊர்ல எல்லாருக்கும் வேலி செத்தது தெரியும். ஊத்துக்கும் காட்டுக்கும் கம்பியைக் கையால தூக்கிக் குனிஞ்சி போறதும் வர்றதும், அதுலயே துணி காயப்போடறதுமா ஆயிடுச்சு. சாமை முத்தத் தொடங்கவும் பன்னிங்களுக்கும் சேதி போயிடுச்சு போல. பெரிய சார் நேர்ல பாக்க வர்றாருன்னு தகவல் வந்தப்போ காட்டுல ஒரு பக்கம் உழுது போட்டா மாதிரி கெடந்துது. அப்போ தான் கரியனுக்கு அந்தப் புத்தி வந்துச்சு, பாழாப்போன புத்தி. தன்னோட கெணத்து மோட்டார் கொட்டாய்லேர்ந்து ஒரு ஒயரை இழுத்து வேலிக் கம்பியில கொக்கி மாட்டிட்டான். ஜனம் அடங்கினப்புறம் கொட்டாய்ல இருக்கற பீஸ் கட்டையைப் போடுவான், கருக்கல்ல எழுந்து போய்ப் புடுங்கிடுவான். சோலார் கரண்டு அடிச்சி வெரட்டும். இது அப்படி இல்ல, புடிச்சா உசுரு போறவரைக்கும் வுடாது. இந்த மாதிரி மாட்டினவன், அதுல ஆளு செத்து, ஜெயிலுக்குப் போன கதையெல்லாம் அவனுக்குத் தெரியாததா? தெரிஞ்சதால தான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. பொன்னாயிகிட்டகூட.

புடுங்கறதுக்கு அவனுக்கு ஒரு அடையாளம் உண்டு. கொட்டாய்க்குள்ள ஒரு குண்டு பல்பு. அது எரியறதைப் பாத்தா கை தன்னால பீஸுக்குப் போவும். இன்னைக்குக் காலையில கரண்டு இல்ல. கொட்டாய் இருட்டா கெடந்துது. வெளுத்த வேட்டியைக் கட்டிக்கினு அது பக்கமா தான் நடந்தான். மொத பஸ்ஸு ஆரன் அடிச்சிது, ஓடினான். பல்பும் எரியல, கையும் போவல.

புடுங்கல. சாமி சத்தியமா புடுங்கல.

மேடையை வுட்டு எறங்கி உக்காந்தான். உக்காந்த உடனே அடுத்தது ஞாபகம் வந்துச்சு. நேத்து சாப்பிடறப்போ பொன்னாயி சொன்னாளே! "நாளைக்கு நல்ல நாளுய்யா. பெரிய மனுசங்க வர்றதுக்குள்ள புதுசு எடுத்துடறேன். புதுச் சாமைச் சோறு போடாம அனுப்பினா நல்லாவா இருக்கும்?" இவனும் சோத்தைப் பெசஞ்சிக்கினே "எடு, எடு"ன்னான்.

தும்பக்காட்டுல புதுசு எடுக்கறதுன்னா சும்மா அரிவாளைத் தூக்கிக்கினு போயிட முடியாது. வூட்டுப் பொம்பளை தலைக்கு ஊத்திக்கினு, ஈரப் பொடவை ஈரமாவே, தனியா போவணும். வெளைஞ்ச காட்டுல செருப்புக் காலு படக்கூடாது. மொதக் கதிரு வூட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் ஆர் கூப்புட்டாலும் வாயைத் தொறக்கக்கூடாது. பொழுது உச்சிக்கு ஏர்றதுக்குள்ள ஈசானி மூலையில அறுத்து மடியில கட்டிக்கினு வந்துடணும். ஈசானி மூலைக்குத் தனியா வழி கிடையாது, வேலியைத் தாண்டித் தான் எறங்கணும். செத்த வேலி தானேன்னு கம்பியைக் கையால தூக்கிப் புடிச்சிக் குனிஞ்சி போவா.

ஈரப் பொடவை. வெறுங்காலு. ஐப்பசி மழையில ஊறிக் கெடக்கற மண்ணு. காயில் கட்டுற கடையில வேலை பாத்தவனுக்கு இதுக்கு மேல ஆராச்சும் வெளக்கணுமா?

"அய்யய்யோ"ன்னு வாய்விட்டே சொல்லிட்டான். பக்கத்து சேர்ல இருந்த கோகிலவாணி திரும்பினா. ரிஷிவந்தியத்துப் பொண்ணு. பவுண்டேசன் வேலையில மலை ஊருங்களுக்கெல்லாம் அவ தான் பொறுப்பு.

"இன்னா கரியண்ணா, ஒடம்பு சரியில்லையா? மூஞ்சியெல்லாம் வேர்த்துக்கினு கெடக்குது."

"ஒண்ணுமில்ல மேடம். மேல எங்க ஊர்ல கரண்டு இருக்குதான்னு தெரியணும்."

"கரண்டா? எதுக்கு?"

"மைக்செட்டு கட்டியிருக்காங்க மேடம். கரண்டு இல்லன்னா சார் எப்படிப் பேசுவாரு?"

பொய்யி எவ்ளோ சுளுவா வருது பாருங்க. கோகிலவாணி மேல லைன்மேனா இருக்கற வீரமுத்துவுக்குப் போன் போட்டா. பேசி முடிச்சி, "மரம் விழுந்து லைன் அறுந்து கெடக்குதாம், மத்தியானத்துக்கு மேல தான் வருமாம். நீங்க கவலைப்படாதீங்க, ஜெனரேட்டர் ஏற்கெனவே சொல்லி வெச்சிட்டேன்"னா.

மத்தியானத்துக்கு மேல! அதுக்குள்ள பொன்னாயி அறுத்துக்கினு வூட்டுக்கே வந்துடுவா. கரியனுக்கு மூச்சு கொஞ்சம் கீழ எறங்குச்சு. கரியராமரே, மரத்தைத் தள்ளிவிட்டியே சாமின்னு மனசுக்குள்ளயே கும்புட்டான். இருந்தாலும் ஊர்ல ரெண்டு மூணு பேருக்குப் போன் போட்டுப் பாத்தான். தும்பக்காட்டுல டவர் கிடையாது. பாறை மேல ஏறி நின்னாதான் கெடைக்கும், விசேஷ நாள்ல எவன் பாறை மேல நிப்பான்?

விருந்து மேல தான்னு ஏற்பாடு. ரெண்டு வண்டி கெளம்புச்சு. முன்னால சிவசங்கர் சாரோட வெள்ளைக் காரு, பின்னால பவுண்டேசன் ஜீப்பு. ஜீப்பை அஜித்குமார் ஓட்டினான், பக்கத்துல கோகிலவாணி, பின் சீட்டுல கரியன். கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணை வந்துது. காரு நின்னுது. சார் அணையைப் பாக்கணுமாம். பாத்தாரு. போட்டோ எடுத்தாங்க. கரியன் ஜீப்புலேர்ந்து எறங்காம, வானத்துல பொழுது எங்க இருக்குதுன்னு பாத்துக்கினே இருந்தான். மேகம் மூடிக் கெடந்துது, ஒண்ணும் தெரியல.

மலை ஏறி பெரியார் அருவிகிட்ட மறுபடியும் நின்னுது காரு. கரியனையும் கூப்புட்டாங்க. சிவசங்கர் சார் நல்ல மனுசன், அதை மறைக்கக் கூடாது. டீயைத் தன் கையாலயே எடுத்து நீட்டினாரு. "கரியன், எல்லா எடத்துலயும் உங்க ஊரைத் தான் உதாரணமா சொல்லப் போறேன். குடுத்ததை இப்படிக் காப்பாத்தறவங்க ரொம்பக் கம்மிங்க. தண்ணி டேங்க் இந்த வருஷமே வந்துடும். சந்தோஷமா?"

அவரு பின்னாலேர்ந்து கோகிலவாணி சிரிச்சிக்கினே தலையாட்டினா. கரியனுக்கு நாக்கு நுனியில வந்து நின்னுச்சு. போன்ல டவர் இருந்துச்சு, இந்த வளைவைத் தாண்டினா அதுவும் இருக்காது. மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும், வீரமுத்து லைனையே நிறுத்தி வெச்சிடுவான். சொல்லிடுடா. டேங்க்கு போனா போவுது, சொல்லிடுடா கரியா.

"ரொம்ப சந்தோசங்க சார்"ன்னான்.

மத்தியானத்துக்கு மேல தானே கரண்டு வரும், கரண்டு இல்லாத கம்பி இன்னா பண்ணிடப் போவுதுன்னு அவனுக்கு அவனே வக்கீலு ஆயிட்டான்.  சூடா கெடந்த டீயை அப்படியே கீழ ஊத்திட்டு ஜீப்புல ஏறினான்.

அருவி தாண்டி கொஞ்ச தூரம் போயிருப்பாங்க. ரோட்டோரத்துல ஒரு சின்ன ஊரு. மாவு மில்லு ஒண்ணு கடகடன்னு ஓடிக்கினு இருந்துச்சு. பக்கத்து டீக்கடையில டியூப்லைட்டு எரிஞ்சிது. தும்பக்காட்டுக்குப் போற அதே லைனு.

கரியன் சீட்டுலேர்ந்து எழுந்தே நின்னுட்டான், தலை மேல் தகட்டுல மோதிக்கிச்சு. "கரண்டு வந்துடுச்சு! மேடம், கரண்டு வந்துடுச்சு!"

"ஆமா, சீக்கிரமே வந்துடுச்சு. நல்லதாப் போச்சு, ஜெனரேட்டர் வேணாம்."

"நல்லது இல்ல மேடம்!" அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியல. "சோலாரு செத்துப் பல நாளாச்சு. வூட்டு மோட்டாரு கரண்டைத் தான் வேலியில மாட்டியிருக்கறேன். பீஸைப் புடுங்காம வந்துட்டேன். எம்பொண்டாட்டி கதிரறுக்கப் போயிருப்பா மேடம். ஈரத்துணியோட போயிருப்பா!"

அஜித்குமார் பிரேக்கைப் போட்டுட்டான்.  கோகிலவாணி கத்துவான்னு கரியன் நெனச்சான், கத்தல. போனை எடுத்தா. டவர் இல்ல. ஜன்னலுக்கு வெளிய கையை நீட்டிப் பாத்தா. இல்ல.

"திரும்பி அருவிக்குப் போயிப் போன் பண்ணலாமா மேடம்?"ன்னான் அஜித்குமார்.

"வீரமுத்து போனை எடுக்கலன்னா? மேலயே போ. வேகமாப் போ." அப்புறம் தான் பின்னால திரும்பினா. "அருவிகிட்ட சார் பேசினப்போ எம்மூஞ்சியைத் தானேய்யா பாத்துக்கினு நின்ன? அப்போ டவர் இருந்துச்சே!"

'அண்ணா' போயிடுச்சு. 'யா' வந்துடுச்சு. கரியன் சீட்டுக் கம்பியைப் புடிச்சிக்கினு குனிஞ்சிக்கினான். 

வேகமாப் போன்னா எங்க போறது? முன்னால சாரோட காரு. மழை பேஞ்ச மலை ரோடு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். காரு பொண்ணு பாக்கப் போற மாதிரி நிதானமா போவுது.

"ஆரன் அடி அஜித்து."

"மேடம், சார் வண்டி."

"அடிடா!"

அடிச்சான், வுடாம அடிச்சான். காரு ஜன்னலைத் தொறந்து சாரு கையை வெளிய நீட்டி டாட்டா காட்டினாரு. ஊரு கிட்ட வந்துட்ட சந்தோசத்துல அடிக்கறாங்கன்னு நெனச்சாரு போல. கரியன் பின்னாலேர்ந்து "வழி வுடுங்க! அய்யா, வழி வுடுங்க!"ன்னு கத்தறான், அது கண்ணாடியைத் தாண்டியே போவல. ஒவ்வொரு வளைவுக்கும் பொன்னாயி வேலியை நோக்கி ஒரு எட்டு வைக்கறா, தலைமுடியில தண்ணி சொட்டுது, குனியறா, கையை நீட்டறா. கண்ணை மூடினாலும் அதே, தொறந்தாலும் அதே. வூட்டுல மூணு வயசுப் பொண்ணு சிவரஞ்சனி வேற ஆத்தாளைத் தேடிக்கினு பின்னாலயே போயிருந்தா? அந்த நெனப்பு வந்ததும் கரியன் குழந்தை மாதிரி அழுதுட்டான்.

ஒரு எடத்துல ரோடு கொஞ்சம் அகலம். அஜித்குமார் பள்ளத்துப் பக்கம் சக்கரத்தை எறக்கி, காரை ஒரசாத கொறையா தாண்டினான். கோகிலவாணி கண்ணை மூடிக்கினா.

தும்பக்காட்டு முனையில மேளம், ஆரத்தித் தட்டு, மாலை. ஜீப்பைப் பாத்ததும் மேளக்காரனுங்க வெளுத்து வாங்க ஆரம்பிச்சானுங்க. கரியன் குதிச்சி எறங்கி, ஆரத்தி எடுக்க வந்த பொம்பளையைத் தோளைப் புடிச்சி உலுக்கினான். "பொன்னாயி எங்க?"

"புதுசு எடுக்கப் போயிருக்கா. இன்னும் வரக்காணோம். இன்னாத்துக்குய்யா இப்படி..."

மீதியைக் கேக்க அவன் அங்க இல்ல. பொன்னாடை எங்கயோ முள்ளுல மாட்டிக்கிச்சு. கொட்டாய்க் கதவை ஒதைச்சித் தொறந்தான். பல்பு எரிஞ்சிக்கினு இருந்துச்சு. பீஸைப் புடுங்கித் தரையில அடிச்சான், ஒயரோட கொக்கியையும் இழுத்துப் போட்டான். அதுக்கப்புறம் ஈசானி மூலையைப் பாத்து ஓடினான்.

"பொன்னாயி!"

பதில் இல்ல.

"ஏ பொன்னாயி! பொன்னாயீ!"

இல்ல. காத்துல சாமை அசையற சத்தம் மட்டும் தான். வேலிகிட்ட ஒரு கீரி செத்துக் கெடந்துது, வாயி கருகி, கம்பியைக் கடிச்சபடியே. அதைத் தாண்டி, வேலிக்கு உள்ள, சாமைத் தாளுக்கு அடியில பச்சைப் பொடவை. அசையல. கரியன் கம்பிக்கு அடியில ஊர்ந்து, சேத்துல தவழ்ந்து, அந்தப் பொடவையைப் பாத்துப் போனான். போயி கையால தொட்டான்.

பொடவை எழுந்து நின்னுச்சு. உக்காந்து கதிரை மடியில கட்டிக்கினு இருந்திருக்கறா பொன்னாயி. புருசன் சேத்துல கெடக்கறதைப் பாத்துட்டு ஒரு வார்த்தை பேசல. வாயில வெரலை வெச்சா. அப்புறம் அவன் காலைக் காட்டி மொறைச்சா. வெளைஞ்ச காட்டுல செருப்போட வந்திருக்கறான். கதிரு வூட்டுக்குப் போய்ச் சேரட்டும், அப்புறம் இருக்குது உனக்குன்னு அந்தக் கண்ணு சொல்லுச்சு. வேலிகிட்ட போயி, கம்பியைக் கையால தூக்கி, குனிஞ்சி, தாண்டிப் போயிட்டா.

அந்தக் கை கம்பியைப் புடிச்சதைப் பாத்துக்கினு இருந்த கரியனுக்கு அப்போ தான் எல்லாம் வெளங்குச்சு. கரண்டு இல்லாதப்போ உள்ள போயிருக்கறா. கரண்டு வந்தப்போ உள்ள இருந்திருக்கறா. கொஞ்சம் பிந்தியிருந்தா வெளிய வர்றதுக்கு இதே மாதிரி தான் புடிச்சிருப்பா. அங்கயே உக்காந்து வாந்தி எடுத்தான்.

மூச்சு வாங்க ஓடி வந்த கோகிலவாணி, பொன்னாயி போறதைப் பாத்தா, கீரியைப் பாத்தா. கொட்டாய்க்குப் போயி அந்த ஒயரைச் சுருட்டிக் கெணத்துல போட்டுட்டு வந்தா. வந்து கரியன் பக்கத்துல குந்தினா.

"இதை மறந்துடுங்க. சார்கிட்ட ஒரு வார்த்தை வேணாம். உங்களுக்கு ஜெயிலு, எனக்கு வேலை போயிடும். வேலியை இன்னைக்கு ஆஃப் பண்ணி வெச்சிருக்கோம்னு நான் சொல்லிக்கறேன். பேட்டரி நான் மாத்தித் தரேன். ஆருக்கும் ஒண்ணும் ஆவல இல்ல? அத்தோட வுடுங்க."

ஆருக்கும் ஒண்ணும் ஆவல. கரியனும் அதையே பத்துத் தடவை சொல்லிக்கினான். கை கால் கழுவிக்கினு கூட்டத்துக்கு வந்து உக்காந்தான். மக சிவரஞ்சனி ஓடி வந்து மடியில ஏறிக்கினா. மடியில வந்த கதிரை வறுத்துக் குத்தி, பழசோட கலந்து ஆக்கின புதுச் சாமைச் சோத்தை சார் ரசிச்சி சாப்பிட்டாரு, இன்னொரு தரம் கேட்டு வாங்கினாரு. பொன்னாயிக்குப் பெருமை தாங்கல, ஈரத் தலையைக்கூட தொவட்டாம பரிமாறினா.

சாப்பிட்டு முடிச்சி சார் மைக்கைப் புடிச்சாரு. தும்பக்காடு காட்டின வழியில, மலையில இன்னும் பத்து ஊருக்கு இதே வேலி போடப் போறோம்னாரு. அந்த ஊருங்கள்லேர்ந்தெல்லாம் ஆளுங்க வந்திருந்தாங்க. கைத்தட்டு மலையில மோதிக் கேட்டுச்சு. கரியன் பின்னால ஆரோ முதுகைச் சொரண்டினாங்க. பக்கத்து மலை ஊரு கண்ணாயிரம், மச்சான் மொறை.

"மச்சான்," காதுகிட்ட குனிஞ்சான். "சோலாரு பேட்டரியெல்லாம் ரொம்ப நாளு நிக்காதாம் இல்ல. போயிட்டா நீ இன்னா பண்ற? மோட்டாரு லைன்ல குடுத்துடலாமா? எனக்கு மட்டும் சொல்லு, வெளிய வுட மாட்டேன்."

கரியன் திரும்பி அவன் மூஞ்சியைப் பாத்தான். வெகுளியா சிரிச்சிக்கினு இருந்தான் கண்ணாயிரம். அவன் பக்கத்துல அவன் பொண்டாட்டி, வெறுங்காலோட, கை தட்டிக்கினு இருந்தா. பத்து ஊரு. பத்து ஊர்லயும் புதுசு எடுப்பாங்க. பத்து ஊர்லயும் ஒருத்தன் கருக்கல்ல எழுந்து புடுங்க மறப்பான்.

"இப்போ வேலிக் குழுத் தலைவர் கரியன் ரெண்டு வார்த்தை பேசுவாரு"ன்னு கோகிலவாணி கூப்புட்டா. கண்ணாலயே கெஞ்சினா.

கரியன் மகளைத் தூக்கி இடுப்புல வெச்சபடியே மைக்குகிட்ட போனான்.  ஜெயிலு தெரிஞ்சுது, டேங்க்கு தெரிஞ்சுது, முட்டி தேஞ்ச பொம்பளைங்க அத்தினி பேரும் முன்னால உக்காந்திருக்கறது தெரிஞ்சுது. பயந்துக்கினே தான் பேசினான்.

"சார், நான் பொய்யி சொல்லிட்டேங்க. இடி விழுந்து அந்த வேலி செத்துப் போச்சுங்க. சொன்னா தண்ணி கெடைக்காதுன்னு சொல்லல. ஒரு வாரமா என் மோட்டாரு கரண்டைத் தான் அதுல வுட்டிருந்தேன். இன்னைக்கு எம்பொண்டாட்டி செத்திருப்பா. கண்ணாயிரம், அதைப் பண்ணிடாதே. ஆரும் பண்ணிடாதீங்க. கெட்டுப் போனா கெட்டுப் போச்சுன்னு சொல்லுங்க. சார், அப்படிச் சொன்னா திட்டாம கேட்டுக்கங்க சார்."

மேளக்காரன் கையிலேர்ந்து குச்சி கீழ விழுந்த சத்தம் கேட்டுச்சு. சிவசங்கர் சார் மொகத்துல ரத்தமே இல்ல. கோகிலவாணி தலையைக் குனிஞ்சிக்கினா.

பொன்னாயி சோத்துக் குண்டானைக் கீழ வெச்சிட்டு நேரா வந்தா. அடிப்பான்னு நெனச்சான், அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். கிட்ட வந்து, ஆருக்கும் கேக்காத குரல்ல தான் கேட்டா.

"ஒரு வாரமா?"

"ராத்திரியில மட்டும் தான்டி. விடியறதுக்குள்ள புடுங்கிடுவேன்."

"விடியறதுக்கு முன்னால தானேய்யா நான் ஊத்துக்குப் போறேன். அந்த வழியா தானே போறேன். இவளை இடுப்புல வெச்சிக்கினு, அந்தக் கம்பியை இந்தக் கையால தூக்கி. நீ எழுந்து போனப்புறம் தான் நான் போவேன்னு ஒனக்கு எவன் சொன்னான்?"

கரியன் ஒவ்வொரு நாளா எண்ணிப் பாத்தான்.  எந்தெந்த நாளு அவளுக்கு முன்னால எழுந்தோம், எந்தெந்த நாளு அவ முன்னால போயிட்டான்னு அவனுக்கு ஞாபகமே வரல.

"புள்ளையக் குடு"ன்னா பொன்னாயி. ரெண்டு கையையும் நீட்டி அவன் இடுப்புலேர்ந்து சிவரஞ்சனியை வாங்கிக்கினு, கூட்டத்தைப் பாக்காம, அவனையும் பாக்காம வூட்டைப் பாத்து நடந்தா.